2021இன் சிறந்த நடிகர் யார்? நகரிப் பக்கம் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

69ஆவது தேசியத் திரைப்பட விருதுகள் 2023 ஆகஸ்ட் 24 அன்று அறிவிக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் சிறந்த நடிகர் அல்லு அர்ஜுன், படம் 'புஷ்பா'. அன்று சாயங்காலம் எங்கள் தெருவில் ஒரு பக்கம் பட்டாசு, இன்னொரு பக்கம் கோபம். 'ஜெய் பீம்' படத்துக்கு ஒரு விருதுகூட இல்லையே என்று தமிழ்ப் பேசும் வீடுகளில் மனம் பொறுக்கவில்லை.

எங்கள் ஊர் நகரி. திருத்தணியைத் தாண்டி வடக்கே புத்தூர் போகிற வழியில் இருக்கிறது. 1960இல் எல்லை திருத்தியபோது திருத்தணி தமிழ்நாட்டுப் பக்கம் போனது, நாங்கள் ஆந்திராவிலேயே நின்றுவிட்டோம். வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சினிமா இரண்டிலும். அதனால் இந்த விவாதம் எங்களுக்கு யாரோ இரண்டு மாநிலத்துக்காரர்களின் சண்டை அல்ல, ஒரே வீட்டுக்குள் நடப்பது. தறி ஷெட்டிலும் டீக்கடையிலும் கல்யாண வீட்டிலும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

2021க்கான விருதை 2023இல் ஏன் கொடுத்தார்கள்?

கொரோனாவால் எல்லாம் தள்ளிப்போனது. 2020க்கான விருதுகளையே 2022 ஜூலையில்தான் அறிவித்தார்கள்.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். தேசிய விருதில் ரிலீஸ் தேதி கணக்கில்லை. சென்சார் சான்றிதழ் எந்த ஆண்டில் வாங்கினார்களோ அந்த ஆண்டுக் கணக்கு. அதனால்தான் 2022இல் தியேட்டருக்கு வந்த 'ஆர்.ஆர்.ஆர்', 'கங்குபாய் கத்தியவாடி', 'கடைசி விவசாயி' எல்லாம் 2021 பட்டியலில் நின்றன. "2022இல் வந்த படத்துக்கு 2021 விருதா, ஏதோ தில்லுமுல்லு" என்று சொல்பவர்கள் இந்த விதியைப் பார்க்காமல் சொல்கிறார்கள்.

போட்டியில் யார் யார் இருந்தார்கள்?

தேசிய விருதில் இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களின் பட்டியல் வெளியே வராது. முதலில் மண்டலக் குழுக்கள் பார்த்துச் சலிக்கும், அப்புறம் மத்திய நடுவர் குழு முடிவு செய்யும். அந்த வருஷம் கேத்தன் மேத்தா தலைவர். ஜெயித்தவர் பெயர் மட்டும்தான் நமக்கு வரும். ஆகவே "அல்லு அர்ஜுன் சூர்யாவைத் தோற்கடித்தார்" என்ற பேச்சுக்கே ஆதாரம் கிடையாது.

அந்த ஆண்டுப் படங்களில் நான் பார்த்து மதித்த நடிப்பு என்றால் சொல்கிறேன். 'கர்ணன்' தனுஷ், 'சார்பட்டா பரம்பரை' ஆர்யா, 'ஜெய் பீம்' மணிகண்டன், 'சர்தார் உத்தம்' விக்கி கௌஷல், மலையாளத்தில் 'ஹோம்' இந்திரன்ஸ், 'நாயாட்டு' ஜோஜு ஜார்ஜ். 'புஷ்பா' அல்லு அர்ஜுன். 'கடைசி விவசாயி' நல்லாண்டி. ஒரே வருஷத்தில் இத்தனை நல்ல நடிப்பு அமைவது அபூர்வம். எந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தாலும் மற்ற ஆறேழு பேருக்காகச் சண்டை நடந்திருக்கும்.

'ஜெய் பீம்' ஓடிடியில் வந்தது. அதனால்தான் ஒதுக்கினார்களா?

இல்லை. 'சூரரைப் போற்று' படமும் 2020 நவம்பரில் நேரடியாக ஓடிடியில்தான் வந்தது. அதற்கு முந்தைய வருஷ விருதுகளில் சிறந்த படம், சிறந்த நடிகர் என்று அள்ளிக் கொடுத்தார்களே. 2021 பட்டியலிலேயே சிறந்த இந்திப் படம் 'சர்தார் உத்தம்', அதுவும் ஓடிடி படம். சென்சார் சான்றிதழ் இருந்தால் போதும்.

'ஜெய் பீம்' ஏன் விடுபட்டது என்று நடுவர் குழு விளக்கம் சொல்லவில்லை, சொல்ல வேண்டிய கடமையும் அவர்களுக்கு இல்லை. என் கருத்தைக் கேட்டால், ஒன்றுமே கொடுக்காதது பெரிய தவறு. லிஜோமோள் ஜோஸ் மலையாளத்துப் பெண். செங்கேணியாக அவர் காவல் நிலைய வாசலில் உட்கார்ந்திருக்கும்போது அந்த உடம்பில் ஒரு இடத்தில்கூட நடிகை தெரியவில்லை. சிறந்த நடிகை விருதை ஆலியா பட், கிருத்தி சனோன் இருவருக்கும் பகிர்ந்து கொடுத்தார்கள். அந்த இடத்தில் லிஜோமோள் பெயர் இல்லாததுதான் எனக்கு அல்லு அர்ஜுன் விஷயத்தைவிடப் பெரிய வருத்தம்.

அப்படியானால் சிறந்த நடிகர் சூர்யாதானே?

இதைக் கேட்பவர்கள் பெரும்பாலும் சூர்யா மேல் உள்ள பாசத்தில் கேட்கிறார்கள். எனக்கும் அந்தப் பாசம் உண்டு. ஆனால் படத்தை மறுபடி பாருங்கள். வக்கீல் சந்துருவாக சூர்யா செய்தது அடக்கமான, நல்ல வேலை. கடைசியில் அந்தச் சின்னப் பெண் எதிரே நாற்காலியில் உட்கார்ந்து, பேப்பரை எடுக்கலாமா என்று தயங்குவாள். இவர் ஒரு சின்னச் சைகையில் "எடு" என்பார். அவ்வளவுதான். மற்றவர்கள் மேலே வர வேண்டும் என்று தெரிந்தே தன்னைக் குறைத்துக்கொண்டு நடித்திருக்கிறார். அது பெருந்தன்மை. ஆனால் அந்தப் படத்தின் சுமை அவர் தோளில் இல்லை.

சுமை மணிகண்டன் தோளில் இருக்கிறது. பெரிய வீட்டுக்குப் பாம்பு பிடிக்கப் போகும் காட்சியைக் கவனியுங்கள். வெளியே வயலில் எலி பிடிக்கும்போதும் மனைவியோடு பேசும்போதும் நிமிர்ந்திருந்த அதே ஆள், அந்த வீட்டு வாசற்படி மிதித்ததும் அரையடி குறைந்துபோவார். கைகள் எங்கே வைப்பது என்று தெரியாமல் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். பாம்பைப் பிடிக்கும் நேரத்தில் மட்டும் மறுபடி முழு மனிதன். வேலை முடிந்ததும் திரும்பவும் சுருங்கிவிடுவார். வசனம் எதுவும் சொல்லாமலே சாதி என்றால் என்ன என்பதை முதுகெலும்பில் காட்டிவிட்டார். அடிபடும் காட்சிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு இந்த வாசற்படிதான் நினைவில் நிற்கிறது.

சூர்யா மாதிரி போன வருஷம் வாங்கியவருக்கு அடுத்த வருஷம் கொடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறதா?

கிடையாது. ஷபானா ஆஸ்மி 1982, 83, 84 என்று தொடர்ந்து மூன்று வருஷம் சிறந்த நடிகை விருது வாங்கியிருக்கிறார்.

"புஷ்பாவைத் தமிழில் பார்த்தேன் மாமா. தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் தேசிய விருதா?"

இது திருத்தணியில் கல்லூரியில் படிக்கும் என் அக்கா மகன் கேட்டது. நம் பக்கத்துத் தமிழர்களில் பாதிப் பேருக்கு இதே கேள்விதான். இதற்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

நீ பார்த்தது டப்பிங். உடம்பு அவருடையது, குரல் வேறு ஒருவருடையது. இந்தியில் ஷ்ரேயாஸ் தல்படே குரல் கொடுத்தார், அதுவும் பெரிய வெற்றி. ஆனால் விருது தெலுங்குப் படத்துக்கு. தெலுங்கில் கேட்காதவர்களுக்கு அந்த நடிப்பில் பாதி போய்ச் சேரவே இல்லை.

அந்தப் பாதி என்னவென்றால், எங்கள் சித்தூர்ப் பேச்சு. பள்ளிக்கூடத் தெலுங்கில் போகிறேன் என்பதற்கு 'போதுன்னானு'. எங்கள் பக்கம் 'போதாவுண்டா' என்பார்கள். இத்தனை வருஷமாகத் தெலுங்கு சினிமாவில் இந்தப் பேச்சு வந்தால் அது வேலைக்காரனுக்கோ சிரிப்புக்கோ வந்தது, இல்லையென்றால் வில்லனுக்கு. கதாநாயகன் கடலோர மாவட்டத்துத் தெலுங்குதான் பேசுவான். எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவ்வளவு பெரிய நட்சத்திரம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் எங்கள் ஊர் வாயால் பேசினார். எல்லோரும் சொல்லித் திரிந்த 'தக்கேதே லே' (தணிந்து போவதே இல்லை) இருக்கிறதே, அதில்கூட 'லேது' தேய்ந்து 'லே' ஆகியிருக்கிறது. நாம் இல்லை என்பதை இல்ல என்கிறோமே, அதுபோல.

அவர் சென்னையில் வளர்ந்தவர், ஹைதராபாத்தில் வாழ்பவர். இந்தப் பேச்சு அவருக்குப் பிறந்த வீட்டுச் சொத்து அல்ல, கற்றுக்கொண்டது. புத்தூரில் படம் பார்த்தபோது என் பின் வரிசையில் சித்தூர்ப் பக்கத்து ஆட்கள் ஏழெட்டுப் பேர். முதல் அரை மணி நேரம் அவர்கள் ஒவ்வொரு வசனத்துக்கும் தங்களுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தார்கள். சரியாகச் சொல்கிறானா, எங்கேயாவது வழுக்குகிறானா என்று சோதனை. ஓரிரு இடத்தில் "ஊஹூம்" என்றார்கள். இடைவேளைக்கு முன்னால் அந்தச் சோதனை நின்றுவிட்டது. கதைக்குள் போய்விட்டார்கள். ஒரு வட்டார வழக்கைப் பேசும் நடிகனுக்கு இதைவிடப் பெரிய தேர்வு எந்த நடுவர் குழுவும் வைக்க முடியாது.

அப்புறம் அந்த நிச்சயதார்த்தக் காட்சி. பெண் வீட்டில் எல்லோரும் கூடியிருக்கும்போது அண்ணன் முறைக்காரன் வந்து, இவனுக்கு இன்ட்டி பேரே கிடையாது என்று சபையில் அவமானப்படுத்துவான். தமிழில் பார்த்தவர்களுக்கு இது ஒரு சாதாரண அவமானக் காட்சி. நமக்கு இனிஷியல் போதும், அப்பா பெயரின் முதலெழுத்து. தெலுங்கில் இன்ட்டி பேரு என்பது வீட்டின் பெயர், வம்சத்தின் பெயர். பத்திரிகையில் அதுதான் முதலில் வரும். கல்யாணப் பேச்சில் முதல் கேள்வியே அதுதான். நான் சின்ன வயதில் இங்கே பள்ளியில் சேர்ந்தபோது, படிவத்தில் அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. தாத்தாவின் ஊர்ப் பெயரை எழுதினார். வகுப்பில் பெயர் கூப்பிடும்போது அந்த ஊர்ப் பெயரோடு என்னைக் கூப்பிடுவார்கள், ஒரு நொடி அது யாரோ என்று இருக்கும். அப்பா இருந்தும், எழுத ஒரு பெயர் இருந்தும் எனக்கு அப்படி. அதுவுமே இல்லாதவன் சபையில் நிற்பது எப்படி இருக்கும்? அல்லு அர்ஜுன் அந்த இடத்தில் கத்தவில்லை. படம் முழுக்கத் தூக்கியே வைத்திருந்த அந்தத் தோள் அங்கே லேசாக இறங்கும். தோளைத் தூக்கிக்கொண்டு நடந்தால் விருதா என்று கேட்டாயே, அது இறங்குவதற்காகத்தான் அவ்வளவு நேரம் தூக்கி வைத்திருந்தார்.

குறையும் சொல்லிவிடுகிறேன். சிரிப்பதற்கு ஒரு பெண்ணுக்குக் காசு கொடுக்கும் பகுதி எனக்குச் சகிக்கவில்லை, அங்கே நடிப்பும் மலிவாகிவிட்டது. சண்டைக் காட்சிகளில் புஷ்பா காணாமல் போய் நட்சத்திரம் வந்துவிடுகிறது. இதையெல்லாம் கழித்தாலும் அது விருதுக்குத் தகுதி இல்லாத நடிப்பு என்று என்னால் சொல்ல முடியாது.

செம்மரக் கடத்தல்காரன் வேடத்துக்கு அரசாங்க விருது கொடுக்கலாமா?

வேடம் நல்லவனா கெட்டவனா என்பது நடிப்புக்கு அளவுகோல் ஆகாது. 1987இல் கமல்ஹாசனுக்கு 'நாயகன்' படத்துக்காகக் கொடுத்தார்கள், வேலு நாயக்கர் கடத்தல்காரர்தான். 'காஞ்சிவரம்' பிரகாஷ்ராஜ் பட்டு நூல் திருடுகிறவர். அவரைப் பார்த்து எங்கள் நெசவாளர் வீடுகளில் அழாதவர் இல்லை.

ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவர்களின் மனசு எனக்குப் புரியும். செம்மரம் எங்களுக்கு சினிமா சமாச்சாரம் இல்லை. உலகத்தில் வேறு எங்கும் இயற்கையாக வளராத மரம், கிழக்குத் தொடர்ச்சி மலையின் இந்தத் தென்பகுதியில்தான் இருக்கிறது. வெட்டப் போவது யார்? ஜவ்வாது மலையிலிருந்தும் திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்திலிருந்தும் கூலிக்கு வரும் தமிழ் ஏழைகள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் ஆந்திர போலீஸ் சுட்டதில் 20 பேர் செத்தார்கள். அன்று எங்கள் பக்கம் பஸ்கள் ஓடவில்லை. தமிழில் பேசவே பயந்துகொண்டு இருந்த நாட்கள் அவை.

'புஷ்பா' படத்தில் அந்தக் கூலிகள் கும்பலாக வந்து போகிறார்கள், முகமில்லாமல். ஒரு கூலிக்காரன் மேலே ஏறி முதலாளி ஆகும் கதை அது. ஏறாமல் செத்தவர்களின் கதை அதில் இல்லை. இந்தக் குறை டைரக்டர் சுகுமாரின் கதை மேல் வைக்க வேண்டிய குறை. அதை நடிகன் தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை. படம் எடுத்ததும் இந்தக் காட்டில் இல்லை, பெரும்பகுதி கோதாவரிப் பக்கம் மாரேடுமில்லிக் காட்டில்.

தனுஷ்? ஆர்யா?

'கர்ணன்' தனுஷ் நன்றாகச் செய்தார். ஆனால் 2019க்கு 'அசுரன்' படத்தில் அவர் செய்ததைவிட இது மேல் என்று சொல்ல மாட்டேன். ஆர்யா உடம்பை உருக்கி உழைத்தார், உழைப்பு வேறு நடிப்பு வேறு. 'சார்பட்டா'வில் பசுபதிக்குச் சிறந்த துணை நடிகர் விருது கிடைத்திருக்க வேண்டும். ரங்கன் வாத்தியார் சைக்கிளில் வரும் அழகுக்கே கொடுக்கலாம்.

சரி, உங்கள் ஓட்டு யாருக்கு?

நல்லாண்டிக்கு.

யார் அவர்?

மணிகண்டன் இயக்கிய 'கடைசி விவசாயி' படத்தில் மாயாண்டியாக வந்த பெரியவர். (இவர் வேறு மணிகண்டன், 'ஜெய் பீம்' நடிகர் அல்ல.) உசிலம்பட்டிப் பக்கத்து விவசாயி, அதற்கு முன் நடிப்பு என்றால் என்னவென்று தெரியாதவர். படம் 2022 பிப்ரவரியில் வந்தது. வருவதற்கு முன்பே அவர் காலமாகிவிட்டார். தேசிய விருதில் அந்தப் படத்துக்குச் சிறந்த தமிழ்ப் படம் கிடைத்தது, நல்லாண்டிக்குச் சிறப்புப் பாராட்டு கிடைத்தது. 'ஹோம்' இந்திரன்ஸுக்கும் அதே சிறப்புப் பாராட்டுதான்.

சிறப்புப் பாராட்டும் விருதுதானே? அப்புறம் என்ன குறை?

சிறப்புப் பாராட்டு என்பது ஒரு சான்றிதழ். ரஜத கமலம் பதக்கம் கிடையாது, பணமும் கிடையாது. சிறந்த நடிகருக்கு அப்போது பதக்கத்தோடு 50,000 ரூபாய். பணத்துக்காகச் சொல்லவில்லை. "நீங்களும் நன்றாகச் செய்தீர்கள்" என்று முதுகில் தட்டுவதற்கும் "நீங்கள்தான்" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறது.

அவர் விவசாயி. விவசாயியாகவே இருந்தார். அது எப்படி நடிப்பாகும்?

இதுதான் எல்லோரும் கடைசியில் வந்து நிற்கும் இடம். எங்கள் ஷெட்டில் பாவு ஓட்டும் பெரியவரே கேட்டார், "அந்த ஆள் இருந்தபடி இருந்தார், கேமரா பிடித்துக்கொண்டது, இதில் அவர் என்ன செய்தார்?"

அவருக்குச் சொன்ன பதிலையே எழுதுகிறேன். சில வருஷம் முன்னால் விசைத்தறி பற்றி நிகழ்ச்சி எடுக்க ஒரு டிவிக்காரர்கள் எங்கள் ஷெட்டுக்கு வந்தார்கள். நாற்பது வருஷம் தறி ஓட்டியவரை நிறுத்தி, அறுந்த இழையை முடிச்சுப் போடுங்கள் என்றார்கள். அவர் தூக்கத்தில் செய்கிற வேலை. கண் பார்க்க வேண்டாம், கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தானாகப் போய் இழையைப் பிடித்து ஒரு முறுக்கு, ஒரு இழுப்பு, முடிந்தது. ஆனால் விளக்கைப் போட்டு கேமராவைக் கிட்டே கொண்டுவந்ததும் அந்த விரல்கள் மறந்துவிட்டன. இழை நழுவியது. மறுபடி பிடித்தார், மறுபடி நழுவியது. வியர்த்துவிட்டது மனிதருக்கு. நான்காவது தடவை எப்படியோ போட்டார். டிவியில் பார்த்தபோது அது அவர் கை மாதிரியே இல்லை, புதிதாகப் படிக்க வந்த பையன் கை மாதிரி இருந்தது. அவரும் இருந்தபடிதானே இருக்கப் பார்த்தார்? முடியவில்லையே.

கேமரா முன்னால் தன் வேலையைத் தன் வேலையாகவே செய்வது லேசு இல்லை. நல்லாண்டி அதை ஒரு முழுப் படத்துக்குச் செய்தார். விளக்கு மாறும், கோணம் மாறும், அதே காட்சியைத் திரும்ப எடுப்பார்கள். எதிரே விஜய் சேதுபதியும் யோகி பாபுவும் நிற்பார்கள். எதிலும் அந்தக் கிழவர் கேமரா இருப்பதைக் கண்டதாகவே தெரியவில்லை.

இன்னொன்று. அவர் வெறுமனே இருந்துவிட்டுப் போகவில்லை. அந்த நீதிமன்றக் காட்சியை எடுத்துக்கொள்ளுங்கள். செத்துக் கிடந்த மயில்களைப் புதைத்தார், அதற்காகக் கொன்றதாகப் பொய் வழக்கு. மாயாண்டிக்குக் காது சரியாகக் கேட்காது. நீதிபதி கேட்கும் கேள்வி ஒன்று, இவர் மனசில் ஓடுவது வேறு. பயிருக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டும், வாடிவிடும், அவ்வளவுதான் இவருக்கு. குலசாமிக்குப் படைக்க ஊரே கேட்டுக்கொண்டதால் போட்ட நெல். ஜெயில் என்ற வார்த்தை அவரை அசைக்கவே இல்லை, வாடும் பயிர் அசைக்கிறது. அதை முகத்தைச் சுளிக்காமல், குரலை உயர்த்தாமல், பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்வது போல நீதிபதியிடம் சொல்கிறார். கேட்கக் கேட்க அந்த நீதிபதியின் முகம் மாறிக்கொண்டே வரும். எதிரே நிற்பவரின் முகத்தை மாற்றுவதுதானே நடிப்பு? காட்சியின் கடைசியில் அந்தப் பயிருக்குத் தண்ணீர் விட ஒரு போலீஸ்காரரை அனுப்புகிறார்கள். நமக்கு அது வேடிக்கையாகவே தோன்றாது, நியாயமாகத் தோன்றும். அவ்வளவு தூரம் நம்மை அந்தக் கிழவர் பக்கம் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்.

விதைக் கடையில் விதையே இல்லாத தக்காளியைப் பற்றிப் பேச்சு வரும்போதும் அப்படித்தான். அவருக்குக் கோபம் வருவதில்லை, நிஜமாகவே புரியவில்லை. விதை இல்லாமல் ஒரு காயை எதற்காக ஒருவன் உண்டாக்குவான்? அந்தப் புரியாமையை நடித்துக் காட்டச் சொல்லுங்கள் நம் பெரிய நடிகர்களை. எல்லோரும் அதற்குள் ஒரு கருத்தைச் சொருகிவிடுவார்கள்.

வயதானவருக்கு, இறந்தவருக்கு எல்லாம் சிறந்த நடிகர் கொடுப்பார்களா?

1988க்கு 'பிறவி' மலையாளப் படத்தில் மகனுக்காகக் காத்திருக்கும் அப்பாவாக நடித்த பிரேம்ஜிக்குக் கொடுத்தார்கள், அப்போது அவருக்கு எண்பது வயது. அவர் நாடகத்தில் ஊறியவர் என்பது உண்மைதான், ஆனால் வயது தடையாக இல்லை. இறப்பும் தடை இல்லை. 2017க்கான சிறந்த நடிகை விருது 'மாம்' படத்துக்காக ஸ்ரீதேவிக்கு, அவர் மறைந்த பிறகு அறிவிக்கப்பட்டது.

இரண்டு பேருக்கும் பகிர்ந்து கொடுத்திருக்கலாமே?

தாராளமாக. 2010க்கு 'ஆடுகளம்' தனுஷும் 'ஆதாமின்டெ மகன் அபு' சலீம்குமாரும் பகிர்ந்துகொண்டார்கள். 2020க்கு சூர்யாவும் அஜய் தேவ்கனும். 2023க்குக்கூட ஷாருக் கானும் விக்ராந்த் மாஸ்ஸியும். 2021இல் சிறந்த நடிகையை இருவருக்குப் பகிர்ந்த அதே குழு, நடிகரையும் பகிர்ந்திருக்கலாம். அல்லு அர்ஜுனும் நல்லாண்டியும் ஒரே வரியில் வந்திருந்தால் எங்கள் தெருவில் அன்று யாரும் யாரோடும் சண்டை போட்டிருக்க மாட்டார்கள். ஒருவர் தன்னுடையதல்லாத பேச்சைக் கற்று அதில் வாழ்ந்தார், இன்னொருவர் தன் வாழ்க்கையை அந்நியமான கருவி முன்னால் சிந்தாமல் வைத்தார். இரண்டும் நடிப்பின் இரண்டு முனை. ஒன்றுதான் என்று கட்டாயப்படுத்தினால் என் கை நல்லாண்டி பக்கம் போகிறது, ஏனென்றால் முதலாவதை அடுத்த வருஷமும் ஒருவர் செய்வார்.

தெலுங்குக்காரருக்குக் கொடுத்தது உங்களுக்குப் பொறுக்கவில்லையா?

இதைக் கேட்டவர் எங்கள் பக்கத்து வீட்டு அண்ணா, அன்று பட்டாசு வெடித்தவர். அவருக்கு நேரிலேயே சொன்னேன். தமிழில் எம்.ஜி.ஆர் 1971க்கு வாங்கினார், கமல் மூன்று தடவை, விக்ரம், தனுஷ் இரண்டு தடவை, சூர்யா. மலையாளத்தில் எண்ணிக்கொண்டே போகலாம். 1967க்கு முதன்முதலில் கொடுத்த நாளிலிருந்து 2020 வரை தெலுங்கு நடிகர் ஒருவர்கூட இல்லை. 'சங்கராபரணம்' சோமயாஜுலுவுக்குக்கூட இல்லை. அந்தக் கதவு திறந்ததில் எனக்குச் சந்தோஷம்தான். அதுவும் ஹைதராபாத் தெலுங்கில் திறக்காமல் எங்கள் சித்தூர்த் தெலுங்கில் திறந்தது.

அண்ணா அதற்கு, "அப்படியானால் ஏன் இன்னும் அந்தக் கிழவர் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறாய்?" என்றார். படத்தைப் பார்த்துவிட்டு வந்து கேளுங்கள் என்றேன். தமிழ் அவருக்குப் பேச்சு மட்டும் புரியும், உசிலம்பட்டித் தமிழ் எனக்கே சில இடத்தில் புரியவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டிலேயே போட்டோம். நீதிமன்றக் காட்சிக்கு நான் எதையும் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இரண்டையும் எப்படிப் பார்ப்பது நல்லது?

'புஷ்பா'வைத் தெலுங்கில், சப்டைட்டில் எழுத்து போட்டுக்கொண்டு பாருங்கள். நிச்சயதார்த்தக் காட்சி வரும்போது எழுத்தைப் படிக்காமல் அந்தத் தோளைப் பாருங்கள். 'கடைசி விவசாயி'யை அவசரமாக இருக்கும் நாளில் போடாதீர்கள். போனைத் தூர வைத்துவிட்டு, முடிந்தால் வீட்டில் வயதானவர் யாராவது இருந்தால் அவரையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பாருங்கள். எங்கள் அம்மா பாதிப் படத்தில் எழுந்து போய்த் துளசிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார்.